ஜிபி கடிதமா, அலுவலக ஆலோசகரா, இலவச மையமா? ஆஸ்திரேலியாவில் சைக்காலஜிஸ்டைப் பார்க்க எந்த வழி

தூக்கம் போய், வேலையில் கவனம் போய், யாரிடமாவது முறையாகப் பேசியே ஆக வேண்டும் என்ற நிலைக்கு வந்தவருக்கு ஆஸ்திரேலியாவில் முக்கியமாக மூன்று வழிகள் இருக்கின்றன. ஜிபி எனப்படும் பொது மருத்துவரிடம் மனநல சிகிச்சைத் திட்டமும் பரிந்துரைக் கடிதமும் எழுதி வாங்கி, அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின் மானியத்தில் சைக்காலஜிஸ்டை, அதாவது உளவியலாளரை, பார்ப்பது ஒன்று. வேலை செய்யும் நிறுவனம் தரும் இலவச ஆலோசனை (ஈஏபி) இன்னொன்று. மெடிகேர் மனநல மையங்கள் மூன்றாவது. மெடிகேர் அட்டை இருக்கிறது, பிரச்சினை சில வாரங்களில் தீர்கிற மாதிரி இல்லை என்றால் ஜிபி வழிதான் சரி என்பது என் கருத்து. மற்ற இரண்டும் வேகத்தில் அதை மிஞ்சும். நீடிப்பதில் அதற்கு ஈடாகாது.

முதலில் அந்த இரண்டையும் பார்த்துவிடலாம். ஈஏபிக்கு டாக்டர் கடிதம் வேண்டாம், காசு வேண்டாம். ஒரு போன் செய்தால் பெரும்பாலும் சில நாட்களில் நேரம் கிடைக்கும். யார் பேசினார்கள், என்ன பேசினார்கள் என்பது நிறுவனத்துக்குப் போகாது. எத்தனை பேர் பயன்படுத்தினார்கள் என்பது போன்ற, பெயர் இல்லாத மொத்தக் கணக்கு மட்டுமே போகும். பல நிறுவனங்களில் மனைவி, கணவர், பிள்ளைகளுக்கும் இது உண்டு. குறை என்னவென்றால், ஒரு பிரச்சினைக்குப் பொதுவாக 3 முதல் 6 அமர்வுகள்தான். பேசுபவர் சைக்காலஜிஸ்டாகவே இருப்பார் என்றும் சொல்ல முடியாது, கவுன்சலராகவும் இருக்கலாம். மேலாளரோடு தகராறு, வேலை போகுமோ என்ற பயம், அண்மையில் நடந்த ஒரு சாவு போன்றவற்றுக்கு இது போதும். பத்து வருடமாகக் கூடவே வரும் பதற்றத்துக்குப் போதாது.

மெடிகேர் மனநல மையங்கள் முன்பு 'ஹெட் டு ஹெல்த்' என்ற பெயரில் இருந்தவை. 1800 595 212 என்ற எண்ணில் வார நாட்களில் பேசலாம், மையம் பக்கத்தில் இருந்தால் நேரிலும் போகலாம். கடிதம் வேண்டாம், கட்டணம் இல்லை, மெடிகேர் அட்டைகூடத் தேவையில்லை. மாணவர் விசாவிலோ தற்காலிக வேலை விசாவிலோ வந்திருக்கும் நம்மவர்களுக்கு இது பெரிய விஷயம். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஆஸ்திரேலியாவோடு மருத்துவப் பரஸ்பர ஒப்பந்தம் இல்லாததால் அவர்களில் பெரும்பாலோருக்கு மெடிகேர் கிடையாது. மாணவர்களுக்குப் பல்கலைக்கழகத்தின் இலவச ஆலோசனைப் பிரிவும் இருக்கிறது. 12 முதல் 25 வயது வரை 'ஹெட்ஸ்பேஸ்' என்ற இளைஞர் மனநல மையங்கள் இருக்கின்றன. இவை எல்லாம் குறுகிய காலத்துக்கானவை. அங்கிருந்து வேறு இடத்துக்கு அனுப்பினால் முதலிலிருந்து கதையைச் சொல்ல வேண்டும்.

ஜிபி வழியின் பலம் இங்கேதான். ஒரே ஆளிடம் வருடக்கணக்கில் தொடரலாம். 2006 நவம்பரில் தொடங்கிய 'பெட்டர் ஆக்சஸ்' திட்டத்தின் கீழ், ஒரு காலண்டர் ஆண்டுக்கு 10 தனி அமர்வுகளுக்கு மெடிகேர் பணம் தரும். ஜனவரி 1 வந்தால் கணக்கு மறுபடி பூஜ்யம். கோவிட் காலத்தில் 20 ஆக உயர்த்தியிருந்தார்கள், 2022 டிசம்பரோடு அது முடிந்தது. இன்னும் 20 என்று சொல்பவர்கள் பழைய தகவலைச் சொல்கிறார்கள்.

ஜிபியிடம் நேரம் வாங்கும்போதே 'லாங் அப்பாயின்ட்மென்ட்', மனநலத் திட்டத்துக்காக, என்று வரவேற்பில் சொல்லுங்கள். இதைச் சொல்லாமல் 15 நிமிட நேரத்தில் போய், சளிக்கும் சுகருக்கும் மருந்து கேட்டுவிட்டுக் கடைசி இரண்டு நிமிடத்தில் விஷயத்தை எடுத்தால், "இன்னொரு நாள் வாங்க" என்றுதான் பதில் வரும். திட்டத்துக்கு ஜிபி மெடிகேரில் பணம் கோரும் சேவை எண்கள் 20 நிமிடத்துக்கு மேல், 40 நிமிடத்துக்கு மேல் என்று நேரத்தை வைத்தே இருக்கின்றன. பல்க் பில் செய்வார்களா, அதாவது உங்களிடம் காசு வாங்காமல் மெடிகேரிடமே வாங்கிக்கொள்வார்களா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

உள்ளே பெரும்பாலும் கே10 என்ற கேள்வித்தாளைக் கொடுப்பார்கள். கடந்த 4 வாரங்களைப் பற்றிப் பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 'ஒருபோதும் இல்லை' முதல் 'எப்போதும்' வரை ஐந்து பதில்கள், மொத்த மதிப்பெண் 10 முதல் 50 வரை. நம்மவர்கள் சறுக்கும் இடம் இது. 'நம்பிக்கையே இல்லை என்று எத்தனை முறை தோன்றியது' என்ற கேள்விக்கு, டாக்டர் என்ன நினைப்பாரோ என்று 'எப்போதாவது' என்பதில் டிக் அடித்துவிட்டு, வாயால் மட்டும் "தலைவலி, நெஞ்சு அடைக்குது, தூக்கம் வரல" என்பார்கள். டாக்டர் இதயத்துக்கும் ரத்தத்துக்கும் பரிசோதனை எழுதுவார், கடிதம் வராது. மானியம் கிடைக்க வேண்டுமானால் மனநலப் பிரச்சினை ஒன்று இருப்பதாக ஜிபி முடிவு செய்ய வேண்டும். 'மனசு கஷ்டம்' என்பது மட்டும் போதாது. எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை, எதைச் செய்வதை விட்டுவிட்டீர்கள் என்று ஒரு சிறு தாளில் எழுதிக்கொண்டு போனால் நேரமும் மிச்சம், உண்மையும் சரியாக வெளிவரும். ஆங்கிலத்தில் சொல்ல வராது என்றால், ஜிபி அரசு மொழிபெயர்ப்புச் சேவையான டிஸ் (131 450) மூலம் தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் போனில் இலவசமாக எடுக்கலாம். பிள்ளையையோ கணவரையோ மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள். சொல்ல வேண்டியதில் பாதி அவர்கள் முன்னால் வாயில் வராது.

குடும்ப டாக்டர் தமிழர், அம்மாவும் அத்தையும் அவரிடமே போகிறார்கள், அதனால் வேறு இடத்தில் எழுதி வாங்கலாமா என்று பலரும் யோசிப்பது இயல்பு. எந்த ஜிபியும் ரகசியம் காக்கச் சட்டப்படி கடமைப்பட்டவர். ஆனாலும் தயக்கம் தயக்கம்தான். 2025 நவம்பர் 1 முதல் விதி இறுகியிருக்கிறது. நோயாளி தன் வழக்கமான கிளினிக்கைப் பதிந்துகொள்ளும் 'மைமெடிகேர்' திட்டத்தில் நீங்கள் பதிந்திருக்கும் கிளினிக் அல்லது உங்கள் வழக்கமான மருத்துவர்தான் திட்டம் எழுத வேண்டும். ஆன்லைனில் ஒரே ஒரு தடவை பேசி கடிதம் வாங்கும் பழக்கத்துக்கு இது தடை. இனி வரும் 12 மாதங்களில் பெரும்பாலும் பார்க்கப்போகிறவரும் 'வழக்கமானவர்' என்ற வரையறைக்குள் வருவார். எனவே புது ஜிபியிடம் மாறுவதானால் உண்மையாகவே மாறுங்கள். சிகிச்சைத் திட்டம் அரசின் ஆன்லைன் மருத்துவப் பதிவான 'மை ஹெல்த் ரெக்கார்டில்' ஏற வேண்டாம் என்றால் அதை அந்த அறையிலேயே டாக்டரிடம் சொல்லலாம்.

கடிதம் வந்த பிறகு ஒன்றைக் கவனியுங்கள். முதல் கடிதம் அதிகபட்சம் 6 அமர்வுகளுக்கு. அது முடிந்ததும் மறுபடி ஜிபியைப் பார்த்து ரிவியூ செய்து, மிச்சம் 4க்குப் புதுக் கடிதம் வாங்க வேண்டும். ஆறாவது அமர்வு முடிந்து, கடிதம் இல்லாமல் ஏழாவதுக்குப் போனால் மெடிகேர் பணம் வராது, முழுக் கட்டணமும் உங்கள் தலையில். ஐந்தாவது அமர்வுக்குப் போகும்போதே ஜிபியிடம் நேரம் வாங்கிவிடுவதுதான் நல்லது. கணக்கு மறந்துபோனால் மெடிகேரின் 132 011 எண்ணில் கேட்கலாம். கடிதத்துக்குத் தேதி வைத்துக் காலாவதி கிடையாது, அதில் எழுதியிருக்கும் அமர்வுகள் தீரும்வரை செல்லும். சைக்காலஜிஸ்டுக்காக மூன்று மாதம் வரிசையில் நின்றாலும் பயமில்லை. அதே காரணத்தால் வருடா வருடம் புதுத் திட்டம் கட்டாயம் என்பதும் தவறு. பெரும்பாலும் ரிவியூவும் கடிதமுமே போதும்.

பணம்தான் இந்த வழியின் பலவீனம். சைக்காலஜிஸ்ட் எவ்வளவும் கேட்கலாம், மெடிகேர் தருவது மட்டும் நிலையான தொகை. 2025 ஜூலை நிலவரப்படி 50 நிமிடத்துக்கு மேற்பட்ட அமர்வுக்கு, கூடுதல் சிறப்புப் பயிற்சி பெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுக்கு 145 டாலர் சொச்சம், மற்ற பதிவுபெற்ற சைக்காலஜிஸ்டுக்கு 99 டாலர் அளவில். கட்டணம் குறைவாகத் தெரிகிறவர் கடைசியில் அதிகம் பிடிப்பது இதனால்தான். கிளினிக்கல் ஒருவர் 250 கேட்டால் உங்கள் பங்கு 105. பதிவுபெற்ற இன்னொருவர் 220 கேட்டால் உங்கள் பங்கு 121. போனில் "ஃபீஸ் எவ்வளவு" என்று கேட்காமல் "கேப் எவ்வளவு", அதாவது மானியம் போக என் பங்கு எவ்வளவு என்று கேளுங்கள். 50 நிமிடத்துக்குக் குறைந்த அமர்வுக்கு மானியமும் குறையும். வராமல் போன அமர்வுக்கு மானியமே இல்லை, ரத்துக் கட்டணம் மட்டும் உண்டு.

பலரும் கணக்கில் எடுக்காதது மெடிகேர் சேஃப்டி நெட். 2025இல் சலுகை அட்டை வைத்திருப்பவர்களுக்கு வரம்பு 834.50 டாலர், மற்றவர்களுக்கு 2,615.50. வருடத்தில் ஆஸ்பத்திரிக்கு வெளியே நீங்கள் கட்டும் கேப் எல்லாம் சேர்ந்து அந்த வரம்பைத் தாண்டினால், மிச்ச அமர்வுகளின் கேப்பில் 80 சதவீதம் திரும்பி வரும். சலுகை அட்டைக்காரருக்கு 105 டாலர் கேப் என்றால் எட்டு அமர்வில் வரம்பு தாண்டும், ஒன்பதாவதும் பத்தாவதும் 21 டாலரில் முடியும். தனியாள் பதிய வேண்டியதில்லை. குடும்பமாக இருந்தால் மெடிகேரில் குடும்பமாகப் பதிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஆளுக்கு ஆள் தனிக்கணக்கு. தனியார் காப்பீட்டில் ஆஸ்பத்திரிக்கு வெளியே பெறும் சேவைகளுக்கான 'எக்ஸ்ட்ராஸ்' இங்கே உதவாது. ஒரே அமர்வுக்கு மெடிகேரும் காப்பீடும் சேர்த்து வாங்க முடியாது. பத்து அமர்வும் தீர்ந்த பிறகு, வருடக் கடைசி மாதங்களில் வேண்டுமானால் அதை எடுக்கலாம்.

ஆயுள் காப்பீடோ வருமானப் பாதுகாப்புக் காப்பீடோ புதிதாக எடுக்கப் போகிறவர்கள், மனநல சிகிச்சை பற்றிய கேள்வி விண்ணப்பத்தில் வரும் என்பதை அறிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் அதை எப்படி எடைபோடும் என்று பொதுவாகச் சொல்ல இயலாது. அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடச் சொல்ல மாட்டேன்.

தம்பதி ஆலோசனைக்கு இந்த மானியம் கிடையாது. ஜிபி எழுதும் மருந்து போதாத அளவுக்கு நிலைமை இருந்தாலோ, ஏடிஎச்டி (கவனக்குறைவுக் கோளாறு) சந்தேகம் என்றாலோ பெரும்பாலும் மனநல மருத்துவரான சைக்கியாட்ரிஸ்ட் வேண்டும், அவரை மானியத்தில் பார்க்கவும் ஜிபி கடிதம் வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் எந்தக் கடிதத்துக்கும் காத்திருக்காதீர்கள். லைஃப்லைன் 13 11 14, அவசரம் என்றால் 000.

நேரம் தேர்ந்தெடுக்கும் நிலையில் இருப்பவர்களுக்குக் கடைசியாக ஒரு கணக்கு. அக்டோபர் தொடக்கத்தில் ஆரம்பித்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போனால் டிசம்பர் நடுவில் ஆறு முடியும். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன் ரிவியூவை முடித்துக் கடிதம் கையில் இருந்தால், ஜனவரியில் புதுப் பத்து தொடங்கும். ஆறு மாதத்துக்கு மேல், இடைவெளி விழாமல், அதே ஆளிடம் போகலாம்.