ரேடியேட்டர், ஃபேன், வால்வுன்னு மூணு தடவை காசு வாங்குனாங்க, கெட்டுப்போனது 350 ரூபா ரிலே

நாகர்கோயில் சுத்துவட்டாரத்துல கார் வச்சிருக்கிறவங்க, அதுலயும் வீட்டுக்காரரு வெளிநாட்டுல இருக்க தனியா வண்டி ஓட்டுற பொம்பளைங்க, இத ஒருக்கா வாசிச்சுக்கிடுங்க. கொஞ்சம் நீளமாத்தான் வரும், பொறுத்துக்கிடுங்க.

எங்க வண்டி சின்ன பெட்ரோல் கார், 2013 மாடல். நான் டீச்சர், தெனமும் நாகர்கோயில்ல இருந்து திங்கள்நகர் பக்கம் போய் வருவேன். போன நவம்பர் கடைசியில கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா நேரம், அந்த கூட்டத்துல அரைமணிக்கூறு ஊர்ந்து ஊர்ந்து வந்தேன் பாருங்க, அப்பம் முதல்தடவையா டெம்பரேச்சர் முள்ளு பாதிய தாண்டி மேல ஏறுச்சு. செட்டிகுளம் தாண்டி ரோடு ஃப்ரீ ஆனதும் தானே எறங்கிருச்சு. இத நான் ஒர்க்‌ஷாப்ல அப்படியே சொன்னேன், நின்னா ஏறுது, ஓடுனா எறங்குதுன்னு. இந்த ஒரு வரி போதும் எங்க கோளாறுன்னு கண்டுபிடிக்க, அது எனக்கு மூணு மாசம் கழிச்சுதான் தெரியும்.

ஒர்க்‌ஷாப் பேரு இங்க போடல, ஏன்னு கடைசியில சொல்லுதேன். பெரிய போர்டு, முன்னாடி நாலஞ்சு வண்டி எப்பவும் நிக்கும், நம்பித்தான் போனேன். முதலாளி என்ன பாத்து "டீச்சர், சாரு நம்பர் குடுங்க, நான் அவங்கள்ட்ட பேசிக்கிடுதேன்"னாரு. வண்டி ஓட்டுறது நான், ஆர்சி புக்கு என் பேருல, கோளாறு பாத்தது நான், ஆனா பேசணும்னா மஸ்கட்ல இருக்க எங்க வீட்டுக்காரருட்ட பேசணுமாம். சரி எதுக்கு வம்புன்னு நம்பர குடுத்தேன். அன்னைக்கு சாயங்காலமே அவுங்களுக்கு வாட்ஸப்ல வாய்ஸ் போயாச்சு, ரேடியேட்டர் அடைப்பு சார், உள்ள எல்லாம் துரு, மாத்தாம ஓட்டுனா இன்ஜின் போயிரும்னு. அவுங்க பயந்து சரின்னுட்டாங்க. இன்ஜின் தண்ணிய ஆத்துற ரேடியேட்டர், அதுல ஊத்துற கூலன்ட், கூலி எல்லாம் சேத்து 9,500. பில்லு கேட்டதுக்கு ஜிஎஸ்டி போட்டா கூடுதல் ஆகும், எதுக்கு டீச்சர் வெட்டிக்குன்னாரு. பழைய ரேடியேட்டர் எங்கன்னு கேட்டேன், ஆக்கருக்கு, அதான் பழைய இரும்புக்கு, போட்டாச்சாம்.

மூணு வாரம் நல்லா ஓடுச்சு. கிறிஸ்துமஸுக்கு ரெண்டு நாள் முன்ன டெரிக் ஜங்ஷன் சிக்னல்ல மறுபடி முள்ளு ஏறுது. திரும்ப போனேன், திரும்ப மஸ்கட்டுக்கு வாய்ஸ். இந்த தடவை ஃபேன் மோட்டார் வீக், 4,800. ஜனவரி பாதியில மூணாவது தடவை. அப்பம் நான் கொஞ்சம் சத்தம் போட்டேன். ஒடனே டீச்சர் டென்ஷன் ஆகாதீங்க, ஒரு வால்வு மட்டும் இருக்கு, அத மாத்திட்டா வண்டி ஐஸ் மாதிரி நிக்கும்னு சொல்லி 2,600 வாங்குனாரு. ஆக மொத்தம் 16,900.

சொன்ன மாதிரியே ஐஸ் மாதிரிதான் நின்னுச்சு! முள்ளு கீழ ஒட்டுன மாதிரி கெடக்கும், ஏறவே ஏறாது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். காலையில சாவி திருப்புன ஒடனே முன்னாடி விர்ர்ர்னு ஃபேன் சத்தம் வரும், முன்ன அப்படி வந்தது இல்ல, கேட்டா புது மோட்டார் அப்படித்தான் இருக்கும்னாங்க. லிட்டருக்கு 16 குடுத்த வண்டி 12 குடுக்க ஆரம்பிச்சுது, அதுக்கு பெட்ரோல் சரியில்ல, வேற பங்க்ல அடிங்கன்னாங்க. நானும் மண்டைய ஆட்டிட்டு வந்தேன், என்ன சொல்ல.

பிப்ரவரி கடைசியில மாமாவுக்கு கண்ணு காட்ட திருவனந்தபுரம் போனோம். மாமா முன் சீட்டு, அத்த பின்னாடி. மார்த்தாண்டம் மேம்பாலம் தெரியும்ல, ரெண்டரை கிலோமீட்டர் பாலம், ஒதுங்க ஒரு எடம் கெடையாது. அன்னைக்குன்னு மேல எதோ பஸ்ஸு நின்னு வரிசையா வண்டி. முதல்ல ஏசியில சூடு காத்து வந்துது. அத்த "என்ன மக்களே இப்படி வேகுது"ன்னாங்க. நான் முள்ள பாக்குறேன், கீழ கெடந்தது மடமடன்னு ஏறுது, நிறுத்தணும்னு நெனைக்கிறதுக்குள்ள பானட் ஓரத்துல இருந்து பொகை. பொகையா ஆவியான்னு அப்பம் யாருக்கு தெரியும், அத்த ஏசுவே ஏசுவேன்னு கத்துறாங்க, பின்னாடி ஹாரன் மேல ஹாரன்.

மாமா எறங்கி துண்ட சுத்திக்கிட்டு ரேடியேட்டர் மூடிய தொறக்க போயிட்டாரு. பின்னாடி வாழைக்குலை ஏத்திட்டு வந்த டெம்போ அண்ணன் குதிச்சு ஓடிவந்து கைய புடிச்சு இழுத்தாரு, "பெருசு, தொறக்கண்டாம், மொகமெல்லாம் வெந்து போவும், கொறச்சு நேரம் ஆறட்டு". உள்ள பிரஷர்ல கொதிக்கிற வெள்ளம், மூடிய தொறந்த அடுத்த செகண்டு ஆளுயரத்துக்கு அடிக்குமாம். அந்த அண்ணன் யாருன்னே தெரியாது, நல்லா இருக்கணும். அவரும் இன்னும் ரெண்டு பேரும் சேந்து தள்ளி பாலத்துல இருந்து எறக்கி விட்டாங்க. மாமாவுக்கு அன்னைக்கு ஆஸ்பத்திரி போகவே முடியல.

ரெக்கவரி வண்டிக்கு 2,500 குடுத்து தக்கலைக்கு கொண்டு போனோம், மாமாவோட சேக்காளி ஒருத்தரு சொன்ன வயரிங் அண்ணாச்சிட்ட. அறுபது வயசுக்கு மேல இருக்கும், கடைன்னு சொல்ல ஒரு தகர ஷெட்டும் ஒரு ஸ்டூலும்தான். அவரு முதல்ல என்கிட்ட ஒரே கேள்வி, "நின்னா ஏறுமா, ஓடும்போ ஏறுமா?" நின்னான்னேன். "அப்பம் ஃபேன் சைடுதான் பாக்கணும்மா, ஓடும்போ காத்து தானா அடிக்கும்லா, நிக்கும்போ ஃபேன் வேணும்"னு சொல்லிட்டு பானட்ட தொறந்து குனிஞ்சாரு. கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. பின்ன ஒரு வயர இழுத்து என் கையில தந்தாரு.

செவப்பும் கருப்பும் ஒட்டுன வயர், வீட்டுல ஸ்பீக்கருக்கு போடுவோம்ல அதே வயராக்கும். ஒரு சாண் நீளத்துக்கு பிளாஸ்டிக் உருகி ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி மூட்டுல கரி. அந்த ஃபேன் பத்து ஆம்பியருக்கு மேல இழுக்குமாம், அதுக்கு இந்த நூல் வயர், ஃபியூஸும் கெடையாது. ஒர்க்‌ஷாப்ல என்ன செஞ்சிருக்காங்கன்னா, ஃபேன ஆன் பண்ணுற ரிலே சில நேரம் புடிக்குது சில நேரம் புடிக்கல, அத கண்டுபிடிக்க தெரியாமலோ மனசில்லாமலோ, சாவி போட்டா ஃபேன் ஓடுற மாதிரி டைரக்ட் குடுத்துட்டாங்க. அதான் அந்த விர்ர்ர். பாலத்துல வயர் வெந்து ஃபேன் நின்னுருக்கு, அதான் முதல்ல ஏசி சூடாச்சு. "தீ புடிக்காம இருந்தது உங்க பாக்கியம்"னாரு அண்ணாச்சி. எனக்கு பின் சீட்டுல இருந்த அத்ததான் ஞாபகம் வந்துது, கையெல்லாம் நடுங்கிப் போச்சு.

இன்னும் முடியல. வால்வு மாத்துனாங்கன்னு சொன்னேன். அத கழட்டி காட்டுனாரு, உள்ள ஒண்ணுமே இல்ல, வெறும் கூடு! 2,600 வாங்குனது வால்வ எடுத்து தூரப் போடதுக்காம். தெர்மோஸ்டாட் வால்வு எம்பது டிகிரி கிட்ட வந்தாதான் தொறக்கும், அதுவரைக்கும் இன்ஜின் சூடாகட்டும்னு தண்ணிய ரேடியேட்டருக்கு விடாது. அது இல்லன்னா இன்ஜின் எப்பவும் பச்ச தண்ணியிலயே ஓடும், வண்டியில இருக்க கம்ப்யூட்டர் இன்ஜின் இன்னும் சூடாகலன்னு நெனச்சு பெட்ரோல கூட ஊத்தும். முள்ளு ஏன் கீழ கெடந்துச்சு, மைலேஜ் ஏன் போச்சு, எல்லாம் வெளங்கிருச்சு. கூலன்ட்டுக்கும் சேத்துதான காசு வாங்குனாங்க, எறக்குனா சாயா கலர்ல போர் தண்ணி.

இதுக்குள்ள ஹெட் கேஸ்கட் போயிருந்துது, இன்ஜின் மேல்பாகமான ஹெட்டுக்கும் கீழ்பாகத்துக்கும் நடுவுல கசியாம அடைச்சு வைக்கிற தகடு அது. ரேடியேட்டர் மூடிய தொறந்து வச்சு ஸ்டார்ட் பண்ணுனா குமிழ் குமிழா வருது, ஆயில் குச்சிய எடுத்தா பாலு கலந்த மாதிரி. அண்ணாச்சி பக்கத்துல ஒரு மெக்கானிக்க கூப்பிட்டு ஹெட்ட கழட்டி லேத்துல குடுத்து அடிப்பக்கத்த சமமா தேய்ச்சு, கேஸ்கட், புது வால்வு, நல்ல கூலன்ட், வயரிங் எல்லாம் சேத்து 19,400. பில்லு தந்தாரு, கழட்டுன சாமான் எல்லாத்தயும் ஒரு சாக்குல போட்டு டிக்கியிலயும் வச்சாரு. பில்லுல ரிலே வில 350.

நான் சும்மா விடல, நேரா பழைய ஒர்க்‌ஷாப் போயி அந்த வயர மேசையில போட்டேன். முதலாளி நிமிந்து கூட பாக்கல. "வேற ஆளு கைய வச்சிட்டாருல்லா, இனி எங்க பொறுப்பு இல்ல டீச்சர், சாரு லீவுக்கு வரும்போ வரச்சொல்லுங்க"ன்னாரு. அங்க இருந்த பையன் ஒருத்தன் மட்டும் என் மொகத்த பாக்காம தலைய குனிஞ்சுக்கிட்டான்.

1915க்கு போன் பண்ணுனேன், அது நுகர்வோர் ஹெல்ப்லைன். அதுக்கப்புறம் விசாரிச்சு தெரிஞ்சுக்கிட்டது, நாகர்கோயில்லயே மாவட்ட நுகர்வோர் கமிஷன் இருக்கு, ரெண்டு வருஷத்துக்குள்ள புகார் குடுக்கணும், குடுத்த காசு 5 லட்சம் வரைக்கும்னா ஃபீஸ் இல்ல, வக்கீல் இல்லாம நாமளே போலாம். அங்க குடுக்கப் போறேன், அதனாலதான் பேரு போடல. ஒர்க்‌ஷாப் பில்லு இல்லாதது பெரிய இடிதான், ஜிபே கூட முதலாளியோட மச்சான் பேருக்கு போயிருக்கு. நீங்களாவது எங்க வேலைக்கு விட்டாலும் பில்லும் பழைய சாமானும் கையில வாங்காம சாவிய வாங்காதீங்க. திடீர்னு முள்ளு எப்பவும் கீழயே கெடந்தாலும் சந்தோஷப்படாம ஒருக்கா வால்வு உள்ள இருக்கான்னு பாக்க சொல்லுங்க.

ஆனா ஒண்ணு. என்கிட்ட பேச மாட்டேன்னு எல்லாத்தயும் மஸ்கட்டுக்கு வாய்ஸா அனுப்புனாருல்லா, "சார், வால்வு புதுசு போட்டாச்சு, ஒரிஜினல், ஒரு வருஷத்துக்கு பயமே வேண்டாம்"னு அவரு வாயாலயே இருக்கு, தேதியோட. போன்ல எடம் இல்ல எடம் இல்லன்னு எல்லாத்தயும் அழிக்கிற ஆளு எங்க வீட்டுக்காரரு, இத மட்டும் எப்படியோ அழிக்காம வச்சிருந்தாங்க. எனக்கு அனுப்பிட்டாங்க, நான் மூணு எடத்துல காப்பி எடுத்து வச்சாச்சு. மாமாவுக்கு கண்ணு ஆபரேஷன் போன வாரம் முடிஞ்சுது, பஸ்லதான் போனோம், வண்டி சரியா இருக்கு, அத்ததான் இன்னும் ஏற மாட்டேங்காங்க.