மேக், விண்டோஸ், உபுண்டு ஒரே கடையில்: ஃபைல்களை எந்தப் பெட்டியில் வைப்பது?

கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் ஒரு பிரிண்டிங் கடைக்குள் போனால் பில் போட ஒரு விண்டோஸ், ஆல்பம் டிசைனுக்கு ஒரு மேக், மூலையில் ஒரு உபுண்டு (இலவச லினக்ஸ்) என்று கலந்துதான் இருக்கும். மூன்றுமே நெட்வொர்க்கில் ஃபைல் பகிரும் எஸ்.எம்.பி. மொழியைப் பேசும், ஆப்பிளே 2013-ல் அதற்கு மாறிவிட்டது. இணையுமா என்பது இப்போது கேள்வியே இல்லை. பொது ஃபோல்டர் எந்த மெஷினில் குடியிருக்க வேண்டும் என்பதில்தான் சிக்கல்.

பில் மெஷினிலேயே ஷேர் போடுவது செலவில்லாத வழி. 20 கனெக்‌ஷன் வரை தாங்கும், சின்னக் கடைக்குத் தாராளம். ஆனால் அது அப்டேட்டுக்கு ரீஸ்டார்ட் ஆனால் மொத்தக் கடையும் கை கட்டி நிற்கும். இரண்டே மெஷின் என்றால் இதுவே போதும்.

நாஸ், அதாவது நெட்வொர்க்கில் ஃபைல் வைக்கவே செய்த டிஸ்க் பெட்டி, நேர்த்தியானது. கரண்ட் குறைவு, சத்தம் இல்லை. பழைய டெஸ்க்டாப்பில் உபுண்டுவும், லினக்ஸை எஸ்.எம்.பி. பேச வைக்கும் சாம்பாவும் போடுவது மூன்றாவது வழி. நாங்கள் போட்டதும் அதைத்தான். காரணம் வேகமில்லை. கிகாபிட் ஸ்விட்ச் இருந்தால் எதிலும் நொடிக்கு 100 எம்.பி.க்கு மேல் வரும். 100 மெகாபிட் ஸ்விட்ச் என்றால் எதிலும் நொடிக்கு 11 எம்.பி.தான்.

படுத்தால் யார் எழுப்புவது என்பதே காரணம். நாஸின் போர்டு போனால் அதே கம்பெனிப் பெட்டி தேட வேண்டும், இல்லையேல் ரெய்டை (பல டிஸ்கை ஒன்றாகச் சேர்த்த அமைப்பை) கையால் கோர்க்கத் தெரிந்த ஆள் வேண்டும். டெஸ்க்டாப்பில் எஸ்.எம்.பி.எஸ். (பவர் சப்ளை) போனால் உள்ளூரிலேயே கிடைக்கும். போர்டே போனாலும் டிஸ்கைக் கழற்றி, சாட்டா-யு.எஸ்.பி. கேபிளில் வேறு மெஷினில் மாட்டி, உபுண்டு பென்டிரைவில் பூட் செய்தால் ஃபைல்கள் கண்முன் வந்துவிடும்.

இதற்கும் பராமரிப்பு உண்டு. கரண்ட் வந்ததும் தானே எழும்படி பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங்கில்) வைக்க வேண்டும். போர்டில் உள்ள சிஆர் 2032 பட்டன் பேட்டரி தீர்ந்தால் அந்த செட்டிங் பறந்துவிடும், மெஷின் எழாது. இன்னொரு பொறி: டேட்டா டிஸ்க் மவுண்ட் ஆகாத (சிஸ்டத்தோடு இணையாத) நாளில் ஷேர் காலியாகத் தெரியும், அது தெரியாமல் சேவ் செய்வதெல்லாம் ஓ.எஸ். டிஸ்கில் போய் உட்காரும். ஷேரை மவுண்ட் பாயிண்டில் (டிஸ்க் வந்து இணையும் ஃபோல்டரில்) நேராக வைக்காதீர்கள். டிஸ்குக்குள் ஒரு துணை ஃபோல்டர் போட்டு அதை ஷேர் செய்தால், டிஸ்க் இல்லாதபோது ஷேர் திறக்கவே திறக்காது. அதுதான் நமக்கு வேண்டியது.

மேக்குக்காக சாம்பா கான்ஃபிக்கில் கேட்டியா (catia), ஃப்ரூட் (fruit), ஸ்ட்ரீம்ஸ் எக்ஸ்-அட்டர் (streams_xattr) என்ற மூன்று மாட்யூல்களையும் இதே வரிசையில் சேர்க்க வேண்டும். பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் ஷேர் வேண்டாம். புதிய விண்டோஸ் 11 ப்ரோ இயல்பாகவே அதை ஏற்க மறுக்கும்.

தமிழில் ஃபைல் பெயர் வைப்பவர்களுக்கு ஒன்று: 'கோலம்' என்று இரண்டு ஃபோல்டர் பக்கத்தில் பக்கத்தில் நிற்கலாம். ஒன்றில் ஓகாரக் குறி ஒரே குறியீடு. மேக்கில் உருவான ஜிப்பிலிருந்து வந்த மற்றதில் ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனி. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தேடினால் ஒன்று கிடைக்காது. இந்தத் தலைவலி எந்தப் பெட்டியிலும் வரும். லினக்ஸில் கான்வ்மூவ் (convmv) என்ற கருவி பெயர்களை ஒரே கட்டளையில் ஒரே வடிவுக்கு மாற்றிவிடும், பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டை மட்டும் கையால் ஒன்றாக்க வேண்டும்.

நாலைந்து மெஷின் உள்ள கடைக்கான கணக்கு இது. முப்பது பேர் ஆபீஸுக்கு அப்படியே தூக்கிப் போடாதீர்கள். டேலி டேட்டா மட்டும் விண்டோஸிலேயே இருக்கட்டும். அதன் இரவு பேக்கப் இந்த உபுண்டு பெட்டிக்கு வந்தால் போதும்.