நாலங்குலச் சாந்தகப்பை அகழ்வுக் குழிக்குத் தாங்குமா?

திருகோணமலை ஹாட்வெயார் கடைகளில் மேசன்மாருக்கென்று விற்கும் சின்னச் சாந்தகப்பையை ரோம நகரமொன்றின் அகழ்வாய்வுக்குக் கொண்டுபோகலாமா? பார்த்து எடுத்தால் போகலாம். பாராமல் எடுத்தால் அதன் கழுத்து முறியும்.

மேசன் அதில் சாந்தை அள்ளுகிறார். குழியில் அது மண்ணைத் தன் பக்கம் இழுத்துச் சுரண்டுகிறது. இழுவை முழுக்க அலகும் தண்டும் சேருமிடத்தில் விழும். அங்கே வெல்டிங் பொட்டு தெரிந்தால் வேண்டாம், ஒரே துண்டாக அடித்ததைக் கேளுங்கள். நுனியை மேசையில் ஊன்றி லேசாக வளைத்தால் திரும்ப நிமிர வேண்டும். 6 அங்குலம் மணிக்கட்டை நோகடிக்கும், மூலைக்குள்ளும் போகாது.

புதுச் சாமானின் விளிம்பு மொட்டை. இரு ஓரத்தையும் அரத்தால் தீட்டுங்கள். மொட்டை விளிம்பு ஈரமண்ணை வெட்டாமல் மெழுகிவிடும். பழைய தளத்தை ஊடறுத்துப் பின்னாளில் அத்திவாரத்துக்கு வெட்டிய பள்ளத்தின் நிற எல்லை மறையும். பிறகு பள்ளத்து மண்ணில் கிடந்த பிந்திய காசு பழைய தளத்தில் கிடைத்தவற்றைப் போடும் பையில் விழும், தளத்தின் காலமே பிசகும்.

749இல் நிலநடுக்கம் தாக்கிய, ஜோர்தானிலுள்ள ஜெராஷ் போன்ற ரோம நகரங்களில் மேலே இருப்பது கல் இடிபாடு. அதற்குப் பிக்காசுதான். தரை நெருங்கும்போதே சாந்தகப்பை. மொசைக் தெரிந்ததும் அதையும் வைத்துவிடுங்கள். நுனி பட்டால் சிறு கற்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பும். அந்த வேலைக்கு நம்மூர் ஈர்க்குக்கு நிகரில்லை, செலவும் இல்லை. தும்புப் பிரஷ் கல்லுக்குச் சரி, வர்ணம் பூசிய சுண்ணச் சாந்தைக் கீறும்.

தோண்டிய மண்ணை அரித்துக் காசு தேட அதே கடைகளின் மணல் அரிதட்டை எடுக்க வேண்டாம். 5ஆம் நூற்றாண்டுச் செப்புக் காசுகள் பல 10 மி.மீ. விட்டம்கூட வராதவை, எடை ஒரு கிராம் அளவு. அரிதட்டின் 6 மி.மீ. கண்ணில் உடைந்தவை நழுவிப்போகும். நுளம்பு வலையோ களிமண்ணில் உடனே அடைத்துக்கொள்ளும். 3 மி.மீ. கம்பிவலை வாங்கிச் சட்டமடிப்பதே நல்லது.

மரப்பிடி மண்குவியலில் தொலையும், சிவப்பு ரேப் சுற்றுங்கள். வீட்டுக் காணியில் பழசு தேடிப் பரீட்சித்துப் பார்க்க நினைக்காதீர்கள்: 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி அதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும்.

நம் கடற்காற்றில் துரு சீக்கிரம் ஏறும். துடைத்து, தேங்காயெண்ணெய் பூசி, பேப்பரில் சுற்றி வையுங்கள். விமானத்தில் கைப்பையில் வைத்தால் பறித்துவிடுவார்கள்; பெரிய பெட்டிக்குள் போடுங்கள்.