இரு கைக்கும் பொருந்துமாம் இந்த டூல் பெல்ட்

பழைய சோனகத் தெரு ஹார்ட்வெயார் கடைகளில் ஆயுதங்களுக்கு ஒன்றும் ஆணிக்கு ஒன்றுமாக இரண்டு பை கோர்த்த இந்த டூல் பெல்ட்டின் விலை இறங்கியிருக்கிறது. தன்னோடு வயரிங் வேலை செய்யும் இடக்கைப் பொடியனுக்கு வாங்கிக் கொடுக்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நானும் இடக்கைதான், இதே பெல்ட்டைத்தான் கட்டுகிறேன். அளவு, நிறம், பை எண்ணிக்கை எல்லாம் அட்டையிலேயே இருக்கின்றன. அதே அட்டையில் ‘இரு கைக்கும் பொருந்தும்’ என்றும் போட்டிருக்கிறார்கள். எனக்கு ஆத்திரம் வருவது அந்த வரியில்தான்.

பைகளைக் கழற்றி மாற்றிக் கோர்க்கலாம், அது உண்மை. வலப்பக்க ஆயுதப் பையை உருவி இடப்பக்கம் கோர்க்க இரண்டு நிமிடம் போதும். ஆனால் பக்கம் மாறினால் கை மாறிவிடுமா? வல இடுப்பில் வயிற்றுப் பக்கமாக இருந்த ஓரம், இட இடுப்புக்கு வந்ததும் முதுகுப் பக்கம் போய்விடுகிறது. பென்சிலுக்கும் டெஸ்டருக்கும் தைத்த ஒடுக்கமான குழல்கள் முன் ஓரத்தில் இருந்தன. இப்போது அவை கண்ணுக்குத் தெரியாத பின்புறத்தில். சுத்தியல் மாட்டும் இரும்பு வளையம் பின் ஓரத்தில் ரிவெட் அடித்திருந்தது. இப்போது அது முன்னுக்கு வந்துவிட்டதால், 16 அவுன்ஸ் சுத்தியலின் பிடி ஒவ்வொரு எட்டுக்கும் தொடையில் இடிக்கிறது. ஏணிப் படியில் முழங்காலைத் தூக்கினால் பிடி குறுக்கே நிற்கிறது.

இவற்றைவிடக் கெட்டது பை வாயின் சரிவு. கை எட்டியதும் பிடி உள்ளங்கையில் வந்து நிற்கட்டும் என்று வாயை முன்பக்கமாகச் சாய்த்துத் தைத்திருக்கிறார்கள். வலக்கைக்கு அருமையான யோசனை. இடப்பக்கம் போனதும் அதே வாய் பின்னால் சாய்கிறது. குறடும் கட்டரும் முழங்கையைக் குத்துகின்றன. தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் இருக்கும் 13 ஆம்பியர் பிளக் பொயின்டுக்காகக் குந்தினால் ஸ்க்ரூ டிரைவர் பின்னால் நழுவித் தரையில் விழுகிறது. வீட்டுக்குள் என்றால் டைல்ஸ் போகும். சாரத்தின் மேல் என்றால் கீழே நிற்பவரின் தலை. அதனால் இதை வெறும் வசதிக் குறைவு என்று என்னால் தள்ளிவிட முடியவில்லை.

பையை இருந்த இடத்திலேயே விட்டு, இடக்கையைக் குறுக்கே நீட்டி எடுக்கலாமே என்பார்கள். ஏணியில் வலக்கை சட்டத்தைப் பிடித்திருக்கும்போது செய்து பார்க்கட்டும். உடம்பு முறுகும், ஏணியும் ஆடும். ஓங்கும் கையின் பக்கம் சுத்தியல், கத்தி, பென்சில். பிடித்துக் கொடுக்கும் கையின் பக்கம் ஆணி, ஸ்க்ரூ, அளவு நாடா. தச்சு, மேசன் வேலை செய்யும் பாஸ்மார் எல்லோரும் இப்படித்தான் கட்டுகிறார்கள், இடக்கைக்கு அது அப்படியே எதிர்மாறாக வேண்டும். அளவு நாடா மட்டும்தான் இடக்கைக்காரருக்குச் சாதகம். வழக்கமான நாடாவில் பெட்டியை வலக்கையில் பிடித்து இடக்கையால் குறி போட்டால் இலக்கங்கள் நேராகத் தெரியும், வலக்கைக்காரருக்குத் தலைகீழாகத் தெரியும். ஆகவே நாடாக் கொக்கி வல இடுப்பில் இருக்க வேண்டும். இந்தப் பெல்ட்டில் கொக்கிக்கான தடித்த பட்டி தைத்திருப்பதோ ஆயுதப் பையில் மட்டும். பை இடப்பக்கம் போனால் நாடாவும் கூடவே போகிறது.

மற்றபடி குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 50 மில்லிமீட்டர் நைலோன் வார் இன்னும் மடியவில்லை. பக்கிள் இரு கைக்கும் ஒன்றுபோலத்தான் கழன்று வருகிறது. கொழும்புப் புழுக்கத்தில் தோல் பை பூஞ்சணம் பிடிக்கும். இந்தத் துணியைக் கழுவித் தொங்கவிட்டால் போதும். ஆணிப் பை இதில் சிறந்த வேலைப்பாடு: வாய் நேர், இரண்டு ஓரமும் ஒன்றுபோல, எந்தப் பக்கம் கோர்த்தாலும் ஒரே பை. சமச்சீராகத் தைக்க இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது! வெல்குரோ மூடிகள் சீமெந்துத் தூசியில் பிடிப்பை இழக்கும், பழைய பல் துலக்கும் பிரஷால் தட்டினால் பாதி திரும்பி வரும். இரும்பு ரிவெட்டுகள்தான் வெள்ளவத்தைக் கடல் காற்றில் துருப்பிடித்துத் துணியையும் அரித்தன.

அதைத் திருத்தக் கொடுத்தபோது சுத்தியல் வளையத்தையும் சேர்த்துக் கழற்றச் சொன்னேன். புறக்கோட்டையில் செருப்புத் தைக்கிறவர் வளையத்தைத் தனித் தோல் பட்டியில் வைத்து, வாஷர் போட்ட செப்பு ரிவெட் அடித்து, பட்டியை பெல்ட்டில் ஓடும்படி செய்து தந்தார். இப்போது வளையம் இட இடுப்பில், காற்சட்டைப் பக்கத் தையலுக்கு நாலு விரல் பின்னால் நிற்கிறது. தொடையில் இடிப்பதில்லை. பைத் துணியிலும் புது ரிவெட் போடுவதானால் துளையை ஆணியால் குத்தாமல் துளைக் கருவியால் வெட்டச் சொல்லுங்கள், ஓரத்தை நெருப்பில் லேசாகச் சுட்டு ஒட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நைலோன் இழை பிரிந்துகொண்டே போகும்.

வளையத்தை இப்படி மாற்றலாம், சரிந்த வாயை மாற்ற முடியாது. அதைத் தைக்கிறபோதே செய்திருக்க வேண்டும். வாயை நேராக வைத்து, குழல்களை இரண்டு ஓரத்திலும் தைத்து, வளையத்தையும் நாடாப் பட்டியையும் தனியே ஓடவிட்டால் ஒரே பை இருவருக்கும் ஆகும், கூடுதலாகச் செலவாவது ஒரு சாண் துணி. சரிவு வேண்டும் என்றால் எதிர்மாறாக இன்னொன்று தைக்கலாம். துணியை முகத்துக்கு முகம் மடித்து வெட்டினால் இடத் துண்டும் வலத் துண்டும் ஒன்றாக விழும் என்பது கட்டுநாயக்கா வர்த்தக வலயத்து ஆடைத் தொழிற்சாலைகளில் எந்தக் கட்டிங் மேசையிலும் தெரிந்த சங்கதி. அமெரிக்காவின் ஆக்ஸிடென்டல் லெதர் நிறுவனம் இடக்கைக்கென்றே தனி செட் விற்கிறது. பத்தில் ஒருவருக்காகத் தனிச் சரக்கு அடுக்கக் கடைக்காரர் தயங்குவது எனக்குப் புரிகிறது. அப்படியானால் அட்டையில் அந்த வரியைப் போடக் கூடாது.

இவ்வளவு நல்ல துணி, நல்ல வார், இறங்கிய விலை. இருந்தாலும் அந்தப் பொடியனுக்கு இந்த செட் வேண்டாம். வலக்கைக்காரர் தாராளமாக வாங்கலாம். இடக்கைக்கு வெறும் வாரும் ஆணிப் பை இரண்டும் தனியே தரும் கடையைத் தேடுங்கள். ஒரு பையின் முன் ஓரத்தில் டெஸ்டருக்கும் குறடுக்கும் இரண்டு குழல் தைத்து இடப்பக்கம் கோர்க்கலாம். எதை வாங்கினாலும் கடையிலேயே பைக்குள் ஒரு குறடையும் ஸ்க்ரூ டிரைவரையும் போட்டு, இடுப்பில் கட்டி, அவனை ஒருமுறை குந்தி எழும்பச் சொல்லுங்கள். ஏதாவது நழுவினால் காசைக் கொடுக்காதீர்கள்.