‘எளிய இணையத்தளம்’ என்று 1,480 வெள்ளி வாங்கினார்கள். முகவரிகூட என் பெயரில் இல்லை

எனக்கு இணையத்தளத் தொகுப்பை விற்ற நிறுவனத்திடமிருந்து இன்று காலை வந்த மின்னஞ்சலைப் படித்த கையோடு இதை எழுதுகிறேன். “இணைய முகவரி எங்கள் தொகுப்பின் ஒரு பகுதியாகும். அதை வேறு சேவைக்கு மாற்ற விரும்பினால் 350 வெள்ளி விடுவிப்புக் கட்டணம் செலுத்த வேண்டும்” என்று அதில் எழுதியிருந்தார்கள். அவர்களிடம் நான் ஏற்கெனவே கட்டியிருக்கும் தொகை 1,480 வெள்ளி. அந்த முகவரியில் இருப்பதோ, பெற்றோர்கள் பல ஆண்டுகளாக அறிந்த என் வகுப்பின் பெயர்.

நான் சிங்கப்பூரில், ஈசூனில் வீட்டிலேயே தமிழ்த் துணைப்பாடம் நடத்துகிறேன். தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வுக்கும் சாதாரண நிலைத் தேர்வுக்கும் படிக்கும் பிள்ளைகள் வருகிறார்கள். வகுப்பு நேரங்கள், வாய்மொழித் தேர்வுக்கான பயிற்சித் தாள்கள், புதிதாகச் சேர விரும்பும் பெற்றோர்க்கான விசாரிப்புப் படிவம் ஆகிய மூன்றும் ஓரிடத்தில் இருந்தால் போதும் என்பதே என் தேவை. நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கான கருவிகளைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் அந்த நிறுவனத்தின் விளம்பரம் என் கண்ணில் பட்டது. அது சொந்தமாகக் கருவி எதையும் உருவாக்கிய நிறுவனம் அன்று. இழுத்து வைத்துப் பக்கம் அமைக்கும் வெளிநாட்டுக் கருவி ஒன்றைத் தன் முத்திரையோடு ‘தொடக்கநிலையாளர் தொகுப்பு’ என்று விற்கும் இடைத்தரகு நிறுவனம். இது எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது.

விற்பனையாளர் தேக்காவில் ஒரு காப்பிக் கடைக்கு வந்தார். இளைஞர், நன்றாகத் தமிழ் பேசினார், எடுத்த எடுப்பிலேயே “அக்கா” என்று அழைத்தார். “நீங்க வாட்ஸ்அப்ல படம் அனுப்புவீங்கதானே? அவ்வளவு தெரிஞ்சா போதும், வெப்சைட்டை நீங்களே செஞ்சிடலாம்” என்றார். தம் கைக்கணினியைத் திறந்து, ஒரு பெட்டியை விரலால் இழுத்து நடுவில் வைத்து, என் வகுப்பின் பெயரைத் தமிழிலேயே தட்டச்சு செய்து காட்டினார். எழுத்துகள் அழகாக வந்து நின்றன. வேறெந்த விற்பனையாளரும் ஆங்கிலத்தைத் தவிர வேறெதையும் காட்டாத நிலையில், இவர் தமிழைக் காட்டியதும் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. சிங்கப்பூருக்கே உரிய டாட் எஸ்ஜி முகவரி கிடைக்குமா என்று கேட்டேன். “அதுக்கு சிங்பாஸ் அது இதுன்னு கேட்பாங்க, அக்கா. உங்களுக்கு எதுக்கு அந்தத் தொல்லை? டாட் காம் நாங்களே எடுத்துத் தர்றோம்” என்று, அரசாங்க மின்னிலக்க அடையாளமான சிங்பாஸைக் காரணம் காட்டினார். அதை அக்கறை என்றே எடுத்துக்கொண்டேன். அங்கேயே பேநவ் என்ற வங்கிப் பணமாற்றச் சேவை மூலம் 1,480 வெள்ளியை அனுப்பினேன்; அவர் என் காப்பிக்கும் சேர்த்துக் காசு கொடுத்தார்.

கணக்கு கைக்கு வந்ததும் முதலில் செய்தது தலைப்பை எழுதியதுதான். தொகுப்போடு ஆயத்தமாக வந்த பக்க வார்ப்புருவில் தலைப்பு ஒவ்வோர் எழுத்தாகத் திரையில் தோன்றும்படி அமைத்திருந்தார்கள். ஆங்கிலத்துக்கு அது அழகாகவே இருக்கும். தமிழிலோ உயிர்மெய்க் குறிகள் மெய்யெழுத்திலிருந்து பிய்ந்து தனியே வந்தன. ‘தமிழ்’ என்று எழுதினால் ‘த’ வந்தது, பிறகு ‘ம’ வந்தது, அதன் பிறகு ஒரு புள்ளி வட்டத்தின்மேல் இகரக் கொக்கி மட்டும் தொங்கியது. கடைசியில் ழகரமும் அதன் புள்ளியும் தனித்தனியாக விழுந்தன. ‘பயிற்சி’யும் ‘தேர்வு’ம் இதே கதிதான். தமிழ் சொல்லிக்கொடுக்கும் ஒருத்தியின் தளத்தில், முகப்பிலேயே, பிள்ளைகள் பார்க்கும்படி! அந்த அசைவை நிறுத்தலாம் என்று பார்த்தால், அதற்கான பொத்தான் ‘உயர்நிலைத் தொகுப்பு’ வாங்கியவர்களுக்கு மட்டுமே திறக்குமாம். காப்பிக் கடையில் அவர் காட்டியது அந்த உயர்நிலைக் கணக்குதான் என்பது அப்போதுதான் விளங்கியது.

விசாரிப்புப் படிவம் அதைவிட மோசம். பெற்றோர்கள் நிரப்பி அனுப்பிய தகவல்கள் எனக்கு வரவே இல்லை. எனக்கு நன்கு பழக்கமான தாயார் ஒருவர், “படிவம் அனுப்பினேனே டீச்சர், பதிலே காணோமே” என்று நேரில் கேட்ட பிறகு தேடிப் பார்த்தால், அவையெல்லாம் அந்த நிறுவனத்தின் பொது மின்னஞ்சல் பெட்டிக்குப் போயிருக்கின்றன. பிள்ளைகளின் பெயர், பள்ளி, பெற்றோரின் தொலைபேசி எண் எல்லாம் அதில் உண்டு. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2012இலேயே நிறைவேற்றப்பட்ட நாட்டில் உட்கார்ந்துகொண்டு இதைச் செய்கிறார்கள்.

பிறகு தொடங்கியது இழுத்தடிப்பு. “அக்கா” என்று அழைத்தவர், தாம் வேறு பிரிவுக்கு மாறிவிட்டதாகச் சொல்லி ஒரு பொது எண்ணைக் கொடுத்தார். அந்த எண்ணில் தானியங்கிப் பதில் ஒன்று, என் சிக்கல் எந்த வகையைச் சேர்ந்தது என்று திரும்பத் திரும்பக் கேட்டது. எந்த வகையைத் தேர்ந்தெடுத்தாலும் ‘உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது’ என்பதோடு அது முடிந்தது. ஒருமுறை மனிதக் குரலே கிடைத்தது. அவர், பணம் தொடர்பான கேள்விகளை வெளிநாட்டில் இருக்கும் பிரிவுதான் கவனிக்கும் என்றார். அந்தப் பிரிவுக்கு எழுதினால், சிங்கப்பூர் அலுவலகத்தை அணுகுமாறு பதில் வந்தது. நேரே அவர்களின் அலுவலகத்துக்கே போனேன். தொழிற்பேட்டைக் கட்டடம் ஒன்றில், பல நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ளும் வரவேற்பு மேசைதான் அங்கே இருந்தது. அங்கிருந்த பெண் பாவம், அவருக்கு அந்த நிறுவனத்தைப் பற்றி ஒன்றுமே தெரியவில்லை. கடைசியாக விற்பனையாளருக்கு மறுபடி வாட்ஸ்அப்பில் எழுதினேன். இரண்டு நீலக் குறிகள் விழுந்தன, பதில் விழவில்லை.

சரி, போனது போகட்டும், முகவரியையாவது எடுத்துக்கொண்டு வேறிடம் போகலாம் என்று நினைத்து, அதன் பதிவு விவரங்களைத் தேடிப் பார்த்தேன். முகவரியின் உரிமையாளர் என்ற இடத்தில் அந்த நிறுவனத்தின் பெயர் இருந்தது. வீட்டுக்கு முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு பத்திரத்தைத் தரகர் தம் பெயரில் எழுதிக்கொண்டதற்கு ஒப்பான வேலை இது. டாட் காம் போன்ற முகவரிகளுக்கு, உரிமையாளர் கேட்டால், முகவரியை வேறு சேவைக்குக் கொண்டுபோகத் தேவையான மாற்றக் குறியீட்டைப் பதிவு நிறுவனம் ஐந்து நாளுக்குள் தர வேண்டும் என்று, இணைய முகவரிகளை உலக அளவில் ஒழுங்குபடுத்தும் ஐகேன் அமைப்பின் விதி சொல்கிறது. ஆனால் அந்த விதி பதிவேட்டில் உள்ள உரிமையாளருக்குத்தான் பொருந்தும். என் முகவரிக்கு நான் உரிமையாளர் இல்லையே! சிங்பாஸ் தொல்லை என்று அவர் சொன்னதன் உட்பொருளும் அப்போதுதான் புரிந்தது. டாட் எஸ்ஜி முகவரி எடுத்தால், நிர்வாகத் தொடர்பாளராகப் பதியப்படுபவர் 21 நாளுக்குள் சிங்பாஸ் மூலம் தம்மை உறுதிப்படுத்தியாக வேண்டும். அந்த ஒரு படி இருந்திருந்தால், எவர் பெயரில் பதிவாகிறது என்ற கேள்வி என் கண்ணெதிரே வந்திருக்கும்.

விலைப்பட்டியலை இப்போது மறுபடி எடுத்துப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. 1,480 வெள்ளியில், தளத்துக்கும் பார்ப்பவருக்கும் இடையிலான தொடர்பைப் பூட்டி வைக்கும் ‘பாதுகாப்புச் சான்றிதழ்’ என்று மட்டும் 160 வெள்ளி போட்டிருக்கிறார்கள். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற லாப நோக்கமற்ற சேவை அதே வகைச் சான்றிதழை எல்லாருக்கும் இலவசமாகவே தருகிறது. என் தளத்தின் பூட்டுக் குறியைச் சொடுக்கிப் பார்த்தால், வழங்கியவர் என்ற இடத்தில் அதே லெட்ஸ் என்கிரிப்ட்தான் இருக்கிறது. இலவசமாக வாங்கியதை எனக்கு 160 வெள்ளிக்கு விற்றிருக்கிறார்கள்.

பணத்தைத் திரும்பப் பெறும் வழியையும் விசாரித்தேன். பயனீட்டாளர் சங்கம் தனிப்பட்ட பயனீட்டாளர்களின் புகார்களைக் கவனிப்பது. தொழிலுக்காக வாங்கிய சேவை என்றால் அந்த வழி பெரும்பாலும் உதவாது. சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தை நாடலாம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளி வரை போகலாம். சிக்கல் எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். வழக்கறிஞர் வைக்க அங்கே அனுமதியில்லை என்பதால் அந்தச் செலவு இல்லை. பேநவ் ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், உடைந்த தலைப்பைக் காட்டும் திரைப்பிடிப்பு ஆகியவற்றைத் திரட்டி வைத்திருக்கிறேன். 1,480 வெள்ளியையும் கேட்டு இந்த வாரமே மனுவைப் பதிவு செய்யப் போகிறேன்.

தொடக்கநிலையாளர்களுக்கு எந்தக் கருவி ஏற்றது என்று விரிவாக ஒப்பிட்டு எழுதுவதாக நண்பர்கள் சிலரிடம் சொல்லியிருந்தேன். இப்போது அதற்குரிய பொறுமை இல்லை, ஆகவே அவசரமாகச் சில மட்டும். முகவரியை நீங்களே, உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலைக் கொண்டு, உங்கள் அட்டையில் பணம் கட்டி வாங்குங்கள். டாட் காம் முகவரிக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 15 முதல் 25 வெள்ளிதான் ஆகும். தளத்தை எவரிடம் கட்டினாலும் முகவரியை அவரிடம் விடாதீர்கள். பக்கங்களை வெளியே எடுத்துக்கொண்டு போக முடியுமா என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள்: வேர்ட்பிரஸ் என்ற கருவியில் உள்ளடக்கத்தைக் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம், விக்ஸ் என்ற கருவியில் கட்டிய தளத்தை அப்படியே வேறு வழங்கிக்கு, அதாவது தளத்தை வைத்திருக்கும் வேறு கணினிக்கு, மாற்ற இயலாது. வேர்ட்பிரஸ் மென்பொருள் இலவசம் என்றாலும் அதை வைக்க வழங்கி வேண்டும், அதற்குத் தனிச் செலவு. நேர அட்டவணையும் சில கோப்புகளும் மட்டுமே போதும் என்றால் கூகுள் சைட்ஸ் காசு கேட்காது. அழகை எதிர்பார்க்காதீர்கள், அவ்வளவுதான். எந்தக் கருவியானாலும் இலவசக் கணக்கைத் திறந்து, தலைப்பு, பொத்தான், படிவம் என எல்லா இடத்திலும் தமிழை உங்கள் கையால் எழுதி, கைப்பேசியிலும் திறந்து பாருங்கள். விற்பனையாளரின் கைக்கணினியில் தெரிவதை நம்பாதீர்கள். படிவத்தைச் சோதித்து, அது எந்த மின்னஞ்சலுக்குப் போகிறது என்று பாருங்கள்.

நிறுவனத்தின் பெயரைக் கேட்டுத் தயவுசெய்து எனக்குச் செய்தி அனுப்ப வேண்டாம். மனு முடியும்வரை அதை நான் வெளியிடப் போவதில்லை. இதே போன்ற தொகுப்பை எவரேனும் வாங்கியிருந்தால், இன்றே முகவரியின் பதிவு விவரங்களைத் தேடி, எவர் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் பெயர் இல்லையென்றால் தொலைபேசியில் பேசிக்கொண்டிராமல் எழுத்தில் கேளுங்கள்.