மாடியில் 5ஜி, கூடத்தில் அம்மாவின் 2ஜி

மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு சென்ற தை மாதம் சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் போயிருந்தேன். திருச்சி விமான நிலைய வாசலில், தம்பி கொண்டுவந்திருந்த சிம் அட்டையைக் கைத்தொலைபேசியில் போட்டதும் 5ஜி என்று காட்டியது. புதுக்கோட்டையைத் தாண்டி எங்கள் கிராமத்து வீட்டுக் கூடத்தில் நுழைந்தபோது அது 4ஜியாக இறங்கிவிட்டது. மொட்டை மாடிக்கு ஏறினால் மீண்டும் 5ஜி கிடைத்தது.

இதை நிறுவனத்தின் குறையென்று சொல்லிவிட முடியாது. இந்தியாவில் 5ஜி பெரும்பாலும் 3300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வருகிறது. இவ்வளவு உயர்ந்த அதிர்வெண் கொண்ட அலை நிறையத் தரவைச் சுமக்கும். ஆனால் எங்கள் வீட்டைப் போன்ற கனத்த சுவர்களைக் கடக்கையில் வலுவிழந்துவிடும். 2ஜி சேவைக்குப் பயன்படும் 900 மெகாஹெர்ட்ஸ் அலையோ அதே சுவரை எளிதாகக் கடக்கிறது. அதனால்தான் நான் மாடிக்கும் கூடத்துக்கும் அலைந்துகொண்டிருந்த வேளையில், அம்மா ஊஞ்சலில் அமர்ந்தபடியே தமது பழைய பட்டன் போனில் தடங்கலின்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

சிங்கப்பூரில் 2017 ஏப்ரலிலேயே 2ஜி நிறுத்தப்பட்டது. 3ஜியும் 2024இல் முடிந்தது. இந்தியாவிலோ வரிசை மாறியிருக்கிறது. ஏர்டெல் 3ஜியைக் கைவிட்டு 2ஜியை வைத்துக்கொண்டது. 2016 செப்டம்பரில் வந்த ஜியோ தொடக்கத்திலிருந்தே 4ஜி மட்டும் தந்து, குரலையும் தரவாகவே அனுப்பியது. 3ஜி வைத்திருந்தவர்கள் திறன்பேசிக்காரர்கள் என்பதால் 4ஜிக்கு எளிதாக நகர்ந்துவிட்டார்கள். பட்டன் போன் வைத்திருக்கும் முதியவர்களும் கூலித் தொழிலாளர்களும் அப்படி நகர முடியவில்லை. அவர்களுக்காக 2ஜியை இன்னும் விட்டுவைத்திருப்பது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

இந்தியாவின் முதல் செல்பேசி அழைப்பு 1995 ஜூலை 31 அன்று, கொல்கத்தாவிலிருந்து முதலமைச்சர் ஜோதி பாசு தில்லிக்குப் பேசியதாகும். அப்போது வரும் அழைப்புக்கும் காசு. 1999இல் நான் சிங்கப்பூருக்குப் புறப்பட்டபோது, ஞாயிறுதோறும் பேருந்து நிலைய எஸ்டிடி பூத்தில் அம்மா என் அழைப்புக்காகக் காத்திருப்பார். 2003இல் வரும் அழைப்புகள் இலவசமான பிறகுதான் எங்கள் வீட்டுக்குச் செல்பேசி வந்தது.

வெளிநாட்டில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொடர்ந்து 90 நாள் பயன்படுத்தாத முன்கட்டண எண்ணை நிறுவனம் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். என் பழைய எண் அப்படித்தான் போயிற்று; வங்கியின் ஓடிபி அந்த எண்ணுக்கே போய்க்கொண்டிருந்ததால், அதை மாற்ற இரண்டு முழு நாள்கள் அலைந்தேன். வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்குடன் சிங்கப்பூர் எண்ணையே இணைத்து யுபிஐ பயன்படுத்த 2023 முதல் வழி உண்டு. புறப்படும் முன்பே உங்கள் வங்கியில் கேட்டு அதை முடித்துக்கொள்ளுங்கள்.

ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முந்தைய நாள் அம்மாவுக்கு 4ஜி பட்டன் போன் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். 2ஜி குரலில் ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகள்தான் கேட்கும். 4ஜி குரல் 7000 ஹெர்ட்ஸ் வரை போகும்; அதனால் பேச்சு இன்னும் தெளிவாகக் கேட்கும். முதல் அழைப்பை மதுரையில் இருக்கும் அக்காவுக்குப் போட்டார். “என்னம்மா, பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி இருக்கு!” என்றார் அக்கா. அம்மா அன்று அரை மணி நேரம் பேசினார்.