பருத்திக்கயிறு கர்த்: வேலூர் வெயிலில் எப்படி?

உருண்டை உடம்புக் குதிரையில் சேணம் சரிகிறதா? முதலில் சேணச் சட்டகம் அகலமா என்று பாருங்கள். அகலமானால் எந்த கர்த்தும் (சேணத்தைக் குதிரையின் வயிற்றடியில் இறுக்கும் பட்டை) உதவாது, இறுக்க இறுக்க மூச்சுதான் திணறும். பொருத்தம் சரியென்றால் வழவழப்பான தோல் கர்த்தைவிடப் பருத்திக்கயிறு கர்த்தே எங்கள் தேர்வு. கயிறுகள் ரோமத்தைப் பற்றிக்கொள்ளும், இடையே காற்றும் போகும். நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பர் கர்த்தும் வழுக்காது; ஆனால் வேலூர் மே வெயிலில் வியர்வை தேங்கி, முழங்கைக்குப் பின்னால் தோல் புண்ணாகிவிடும், பாவம்.

இலாஸ்டிக் ஒரு முனையில் மட்டும் இருப்பதை வாங்காதீர்கள்: அந்தப் பக்கம் இளகிச் சேணம் கோணும். பூட்டிய பிறகு இருபுறமும் சேண வாரில் மேலே இரண்டு துளையாவது மிஞ்ச வேண்டும். முன்கால்களை முன்னிழுத்து, கர்த்தின் அடியில் தோல் மடிப்பை நீக்கி, பத்து நிமிடம் நடத்தி, மறுபடி இறுக்குங்கள். அலசாவிட்டால் உப்பேறிக் கயிறு விறைக்கும்.